கேட்காமல் மாற்றிய மாத்திரை

சலவைக்கு வருகிற துணியில் முதலில் பார்க்க வேண்டியது அழுக்கை அல்ல, பையை. ஒரு பேனா தப்பிப்போய் மெஷினுக்குள் விழுந்தால் போதும், ஒரு கூடைத் துணியும் நீலமாகிவிடும். அப்புறம் வாடிக்கைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அந்தத் தெருவின் சலவைக்கடையில், பை சோதிக்கிற வேலையைக் கடைக்காரம்மா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வந்த துணியையெல்லாம் மடியில் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு துழாவு துழாவுவாள். சட்டைப்பை, கால்சட்டைப்பை, கோட்டின் உள்பை என்று ஒன்றையும் விடமாட்டாள். கடையில் இஸ்திரி போடுகிறவர் அவளுக்கு வைத்த பெயர் போலீஸம்மா.

அவருக்கு அவள் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை. காலையில் இஸ்திரிப்பெட்டி சூடாகும்போதே அவர் வாயும் சூடாகிவிடும். கடை அடைக்கும்போதுதான் இரண்டும் ஆறும்.

பைகளில் என்னதான் கிடைக்காது? சாவி, சீப்பு, பாதி தின்ற மிட்டாய், ஒற்றைத் தோடு. கிடைத்ததை ஒரு கவரில் போட்டு, அந்தந்தத் துணியோடு சேர்த்துப் பின் குத்தி, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கடைக்கு அவள் புருஷன் போட்டுவிட்டுப் போன சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "கிடைச்சதைக் குடு. ஏது, எப்படின்னு கேக்காதே. கேட்டா அன்னியோட அந்த வாடிக்கை போச்சு."

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அவள் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. கேட்கத்தான் மாட்டாளே தவிர, நினைக்காமல் இருப்பாளா? பிரம்மச்சாரி வாத்தியார் சட்டையில் கொண்டை ஊசி கிடைத்தால் அவர் கல்யாணத்தையே மனசுக்குள் நடத்தி முடித்துவிடுவாள். "என் கணக்கு பத்துக்கு ஏழு தப்பாது" என்று ரேடியோவிடம் பெருமை வேறு. அவள் யாரிடமும் கேட்டுச் சரிபார்த்ததே இல்லை என்பதால், அந்த ஏழையும் நாம் நம்பித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு பெருமையும் உண்டு. மெஷினில் பட்டன் உடைந்துபோனால் அவள் வாடிக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கமாட்டாள். அதே அளவில், அதே வெள்ளையில், அதே பளபளப்பில் வேறொரு பட்டன் தேடித் தைத்துக் கொடுத்துவிடுவாள். போட்டிருக்கிறவனுக்கே தெரியாது. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பது அவள் கண்ணுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் வீட்டுத் துணியைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்துக்கொண்டிருந்தாள். அதில் மருமகளின் வெள்ளைக் கோட்டும் இருந்தது. மருமகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பவர் பார்த்து, ஃபிரேம் மாட்டிவிட்டு, "இப்ப எழுத்து தெளிவா தெரியுதா?" என்று கேட்கிற வேலை. அங்கே எல்லாரும் வெள்ளைக் கோட்டுதான். பழக்க தோஷத்தில் மாமியாரின் விரல்கள் உள்பைக்குள் போயின. ஒரு சின்னத் தகர டப்பா தட்டுப்பட்டது. குலுக்கினால் சத்தம் வந்தது. திறந்தால் மாத்திரைகள். சின்னதாக, வட்டமாக, வெள்ளை வெளேரென்று. அட்டை இல்லை, பேர் இல்லை, ஊர் இல்லை.

அவள் சட்டென்று மூடியை அழுத்திவிட்டு, ரேடியோ பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. மருமகள் அப்போது ஐந்து மாதம். இதற்கு முன்னால் உண்டான ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோய், வீடு இழவு வீடாகக் கிடந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரைகள், இரும்புச்சத்து மாத்திரைகள் எல்லாம் சாப்பாட்டு மேஜைமேல் அட்டையோடு கிடக்கின்றன. மாமியாரே வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அப்படியிருக்க, மேஜைக்கு வராமல் கோட்டுப் பைக்குள் ஒளிந்திருக்கிற மாத்திரை எது?

டப்பாவைப் பழையபடி பைக்குள் போட்டு, கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியிலேயே மாட்டிவிட்டாள். சாயங்காலம் மருமகள் வேலையிலிருந்து வந்ததும் நேராக ஆணியைப் பார்த்தாள். மாற்றுக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனவள் டப்பாவை இதில் மறந்துவிட்டிருக்கிறாள்.

"அத்தை, இந்தக் கோட்டைத் துவைக்கப் போட்டீங்களா?"

"இல்லையேம்மா. ஏன், அதுல ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல அத்தை. பேனா வெச்ச ஞாபகம்."

பேனா! மாமியார் அடுப்படிக்குப் போனாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோமே, கூசாமல் பொய் சொல்கிறாளே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டிருக்கலாம். "ஏம்மா, டப்பாவைப் பார்த்தேன், என்ன மாத்திரை அது?" என்று ஒரே ஒரு கேள்வி. வாழ்நாள் முழுவதும் கேட்காமலேயே பழகிய வாய் அன்றைக்கும் திறக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதன்பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகவே பட்டது. சாப்பிட்டு முடித்ததும் மருமகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள், வெளியே வரும்போது உதட்டைத் துடைக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று பேசுகிறார்கள், இவள் வந்தால் நிறுத்திக்கொள்கிறார்கள். கண்ணாடிக் கடைக்காரர்கள் வேறு ஊரில் கிளை திறக்கிறார்கள், மருமகளையே அங்கே பொறுப்பாகப் போடப் பேச்சு நடக்கிறது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியுமா?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் ரேடியோ. அவரிடம் பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்ததுபோல் கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாம மாத்திரை போடறான்னா என்னம்மா அர்த்தம்? வேண்டாம்னு நினைக்கறான்னு அர்த்தம். எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தி இப்படித்தான். கடைசியில எல்லாரும் தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க."

"நிஜமாவா?"

"நான் பார்க்கல. சொன்னாங்க."

பார்க்கவில்லை என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மறுநாள் மருமகள் குளிக்கும்போது டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அட்டை இல்லாம சொல்ல முடியாதும்மா. வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கு. யாரோடதோ அவங்களையே கேளுங்க."

இவனும் மழுப்புகிறான் என்று நினைத்தாள். மருமகள் இவன் கடையில்தான் வாங்குகிறாளோ, என்னவோ! அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. கேட்டால் இல்லை என்பாள். பிடுங்கி எறிந்தால் வேறு வாங்குவாள், இன்னும் ஆழமாக ஒளிப்பாள். ஆனால் அவளுக்கே தெரியாமல் மாற்றிவிட்டால்?

"தம்பி, சாதாரணச் சத்து மாத்திரை இருக்கா? இதே அளவுல, வட்டமா, இதே வெள்ளையா?"

"மாத்திரையை அளவு பார்த்து வாங்கறவங்களை இப்பத்தாம்மா பார்க்கறேன்" என்று சிரித்துக்கொண்டே அவர் நாலைந்து டப்பாக்களை எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் மஞ்சள் அடித்தது. ஒன்று பளபளத்தது. மூன்றாவது அச்சு அசலாக இருந்தது. பட்டன் தேடிப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தன் மூட்டுவலிக்கு வழக்கமாகப் போடுகிற மாத்திரையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மாற்றிவிட்டாள். டப்பாவில் இருந்ததையெல்லாம் ஒரு கவரில் கொட்டிக்கொண்டு, புதியதை அதே அளவுக்கு நிரப்பி, மூடியை அழுத்தினாள். எடுத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அடுத்தவர் பொருளை எறிந்து பழக்கமில்லாத கை அது. கவரைத் தன் கைப்பைக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தாள். டப்பா மறுபடி மறுபடி நிரம்பியது. மருமகள் வேலை இடத்தில் எங்கோ அட்டையை வைத்துக்கொண்டு அதிலிருந்து பிரித்துப் போட்டுவருகிறாள் போலிருக்கிறது. நிரம்பும்போதெல்லாம் மாமியாரும் மாற்றினாள். துரோகம் செய்கிறோம் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பேரப்பிள்ளைக்குக் காவல் இருக்கிறோம் என்றுதான் தோன்றியது. அந்த நாட்களில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வயிறு பெரிதாகப் பெரிதாக மருமகளுக்கு இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. நாளெல்லாம் நின்றே பார்க்கிற வேலை. ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவளைப் பார்த்ததும் மாமியாருக்கு மனசு தாங்கவில்லை. தன்னுடைய மூட்டுவலி மாத்திரையில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கோம்மா. அரைமணியில பஞ்சாப் பறந்துடும்."

"டாக்டரைக் கேட்டுட்டு..."

"அட, இதுக்கெல்லாமா டாக்டரு? வருஷக்கணக்கா நான் போடறேன், எனக்கு என்ன கேடு வந்துச்சு? உனக்கு நான் விஷமா குடுக்கப்போறேன்?"

அதற்குமேல் மறுக்கிற துணிச்சல் மருமகளுக்கு இல்லை. வாங்கிப் போட்டுக்கொண்டாள். வலி உண்மையாகவே குறைந்தது. பிறகு வலிக்கும்போதெல்லாம் அவளே வந்து, "அத்தை, அந்த மாத்திரை ஒண்ணு" என்று கேட்க ஆரம்பித்தாள். மாமியாருக்குப் பெருமை பிடிபடவில்லை. வேடிக்கையைப் பாருங்கள்! டாக்டர் கொடுத்தது எது என்று தெரியாமலேயே அதைத் திருடி ஒளித்துவிட்டு, டாக்டர் கொடுக்காததை அன்போடு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் அந்த அம்மா.

மருமகளுக்கு வார விடுமுறை நாளில் கடையில் சின்னச் சின்ன வேலை செய்யப் பிடிக்கும். அன்றைக்கும் மதியத்தில் வந்து, வெளுத்து வந்த சட்டைகளுக்கு டோக்கன் கட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ ஏதோ கதை சொல்ல, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது. டோக்கன் பிடித்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது. கண் எங்கேயோ குத்திட்டுப் பார்த்தது. மாமியார் "என்னம்மா?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்து துணிக்குவியல்மேல் விழுந்தாள். உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது.

"ஐயோ! என் புள்ள! என் புள்ள!" என்று மாமியார் அலறினாள். எந்தப் பிள்ளையைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"பல்லு கிட்டிக்கும்மா! நாக்கைக் கடிச்சுடுவாங்க!" என்று ரேடியோ டீ கலக்குகிற ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

வெளியே வண்டியிலிருந்து துணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மகன் சத்தம் கேட்டுப் பாய்ந்து வந்தான். "வாயில எதையும் வைக்காதீங்க! தள்ளுங்க, எல்லாரும் தள்ளுங்க! அந்த இஸ்திரிப்பெட்டியை எடுங்க!" நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான். மடித்த துணியொன்றைத் தலைக்கு அடியில் கொடுத்தான். கையைக் காலைப் பிடித்து அமுக்கவில்லை. இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் நடுங்கியது. ஆனால் கை தடுமாறவில்லை.

தாய்க்கு அங்கேதான் சுருக்கென்றது. இவன் பதறுகிறான், ஆனால் திகைக்கவில்லை. இதை முன்னாலேயே பார்த்திருக்கிறான். என்ன செய்வதென்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

துடிப்பு அடங்கியதும் கடை வண்டியிலேயே தூக்கிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பின்னால் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா? இவளுக்கு இப்படி வரும்னு?"

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. "தெரியும்மா. சின்ன வயசுலேர்ந்து வலிப்பு. மாத்திரையில கட்டுப்பட்டுக் கிடந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு. நாலஞ்சு வருஷமா வரவே இல்ல. இப்ப ஏன் வந்துச்சுன்னு தெரியலையே!"

ஏன் வந்தது என்பது அந்த வண்டியில் ஒருத்திக்குத் தெரிந்துபோயிற்று. கைப்பை மடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டு, வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. மகன் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். மருமகளுக்கு நினைவு திரும்பியதும் பெண் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பார்வையில் கனிவு இருந்தது, சந்தேகமும் இருந்தது.

"உண்மையைச் சொல்லும்மா. மாத்திரையை விட்டுட்டியா?"

"இல்ல டாக்டர். ஒரு வேளைகூட விடல."

"பயப்படாம சொல்லு. குழந்தைக்குக் கெடுதல்னு யாராவது சொல்லுவாங்க, நீங்களும் நம்பி நிறுத்திடுவீங்க. தினமும் பார்க்கறேன் நான்."

"சத்தியமா விடல டாக்டர்."

மகன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "போன தடவை கலைஞ்சதிலேர்ந்து உனக்கு மாத்திரைன்னாலே பயமாத்தான் இருந்துச்சு. நிறுத்தியிருந்தா சொல்லிடும்மா. நான் திட்டமாட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். கண்ணில் நீர் குபுகுபுவென்று பெருகியது. "நீங்களுமா என்னை நம்பல?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. தவறாம போட்டும் வந்திருக்குன்னா இந்த அளவு பத்தலன்னுதான் அர்த்தம். வயிறு வளரும்போது சிலருக்கு அப்படி ஆகும். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும், அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. அளவைக் கூட்டறேன். கூடவே இன்னொரு மருந்தும் ஆரம்பிக்கணும். குழந்தைக்கு அது அவ்வளவு நல்லதில்ல. ஆனா மறுபடி இப்படி இழுத்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. வேற வழி இல்ல."

கால்மாட்டில் மாமியார் பாம்பென்று அடிக்கவும் முடியாமல், பழுதென்று தாண்டவும் முடியாமல் நின்றாள். வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். நாளைக்கே டப்பாவில் பழைய மாத்திரையைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. பழி முழுவதும் மருமகள் தலையில். மகன் முகத்தில் முழிக்கலாம், தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் தேவையே இல்லாத மருந்து அந்தக் குழந்தை உடம்பில் ஏறும். இந்தப் பெண் செய்யாத தப்புக்குக் காலமெல்லாம் பொய்க்காரி என்று பேர் வாங்குவாள். டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா! எழுதாதீங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். அவள் கைப்பையைத் திறந்து, கவர்களை எடுத்துக் கட்டில்மேல் கொட்டினாள். வெள்ளை மாத்திரைகள் போர்வைமேல் உருண்டன.

"அவ பொய் சொல்லல. தவறாமத்தான் போட்டா. ஆனா அவ போட்டது இது இல்ல. வேற சத்து மாத்திரையை வாங்கி நான்தான் டப்பாவுல மாத்தி வெச்சேன்."

மருமகள் அந்த மாத்திரைகளையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகனுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "ஏம்மா? ஏன்?"

"புள்ள வேணாம்னு ஏதோ முழுங்கறான்னு நினைச்சேன்டா." சொல்லும்போதே அவள் உடைந்து அழுதாள். "போன தடவையும் இவளேதான் கலைச்சுட்டான்னு நினைச்சேன். வேற ஊரு வேலைக்காக இதையும் கலைக்கப் பார்க்கறான்னு நினைச்சேன்."

டாக்டர் பேனாவை மூடினார். கோபத்தை மென்று விழுங்கினார். "வேற என்ன கொடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. இப்ப மறைச்சா நான் தப்பா வைத்தியம் பார்ப்பேன்."

"வேற ஒண்ணும் மாத்தலம்மா. இடுப்பு வலிக்கு மட்டும் என் மூட்டுவலி மாத்திரை குடுத்தேன். அது நல்ல மாத்திரைதான்..."

"நல்ல மாத்திரையா?" டாக்டருக்கு அதுவரை இருந்த பொறுமை போய்விட்டது. "உங்க முட்டிக்கு நல்லதா இருக்கலாம். வயித்துல இருக்கற குழந்தைக்கு இல்ல. இந்த மாசத்துல அதைத் தொடர்ந்து போட்டா குழந்தையோட சிறுநீரகம் பாதிக்கும், சுத்தியிருக்கற தண்ணி குறையும். இதயத்தையும் பாதிக்கலாம். டாக்டர் கொடுத்ததை எடுத்துட்டு, கொடுக்காததை ஊட்டியிருக்கீங்களே! ரெண்டு பக்கமும் கத்தி வெச்சிருக்கீங்க."

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த நேரம் அவளுக்கு ஒரு யுகமாகப் போயிற்று. மகன் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தான், பக்கத்தில் வரவில்லை. தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நல்லவேளை ரொம்பக் குறையவில்லை, வலி மாத்திரையை நிறுத்தினால் தேறும், அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வலிப்பு மருந்தைப் பழைய அளவிலேயே திரும்ப ஆரம்பித்தார். கூடுதல் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன தடவை கலைந்ததற்கு மாத்திரைதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, அது எத்தனையோ பேருக்கு எத்தனையோ காரணத்தால் நடக்கும் என்றும் சொன்னார்.

வார்டில் இருவரும் தனியாக இருந்தபோது மாமியார்தான் முதலில் பேசினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ஒளிச்சு ஒளிச்சுப் போட்டதாலதானே எனக்குச் சந்தேகம் வந்துச்சு?"

மருமகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "எனக்கு முன்னாடி ஒரு இடம் பார்த்தாங்க அத்தை. அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னாரு. வந்தவங்க குடிச்ச காப்பி டம்ளரைக்கூடக் கீழ வைக்காம எழுந்து போயிட்டாங்க. தொட்டா ஒட்டிக்கும்னு நினைச்சாங்க போல. உங்க புள்ளைகிட்ட நான் சொன்னேன். அவரு பரவாயில்லன்னாரு. உங்ககிட்ட சொல்லப் பயந்தாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சிருந்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். மாமியாருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"விட்டிருக்கமாட்டேன்."

"அப்புறம் எப்படி அத்தை சொல்றது?"

மாமியார் போர்வையின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லையே என்று இவ்வளவு நேரம் மருமகளைக் குறை சொன்னவளுக்கு, சொல்ல முடியாத ஆளாகத் தான் இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பச்சைப் பொய். மகன் அவளோடு அளந்துதான் பேசினான். மருமகளின் வலிப்பு மாத்திரை இப்போது அட்டையோடு சாப்பாட்டு மேஜைமேல் மற்றவற்றோடு கிடந்தது. ஆனால் மாமியார் அதைத் தொடுவதில்லை. மருமகளே அட்டையைத் திருப்பிப் பேரைப் படித்து, அமுக்கி எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்த பிறகுதான் வாயில் போட்டாள். கடையில் ரேடியோ ஒரு நாள் தன் தங்கைக்குச் சளிக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம், பாவம் மாசமாக இருக்கிறாள் என்று ஆரம்பித்தார். "நீயும் வேணாம், நானும் வேணாம், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்யா" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை. கடை சரித்திரத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் மருமகள் சாப்பிட்டு முடித்து மாத்திரையைக் கையில் எடுத்தாள். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மருமகள் டம்ளரை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். லேசாகச் சுழற்றினாள். அடியில் ஏதாவது கரைந்து நிற்கிறதா என்று பார்க்கிறாள் என்பது மாமியாருக்குப் புரிந்துபோயிற்று. மாமியார் பார்த்துவிட்டது தெரிந்ததும் மருமகளுக்கு முகம் வெளிறியது.

"இல்ல அத்தை, சும்மாதான்..."

"சும்மா இல்ல. சந்தேகம்." மாமியார் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பில்லம்மா. நான் செஞ்ச காரியத்துக்கு நீ சந்தேகப்படலன்னாதான் அதிசயம். ஆனா என்னை மாதிரி உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்காதே. இதுல என்ன கலந்திருக்கேன்னு என் மூஞ்சியைப் பார்த்துக் கேளு. நாளைக்கும் கேளு. தினமும் கேளு. நான் பதில் சொல்றேன்."

மருமகள் தயங்கினாள். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு அத்தை?"

"வெறும் தண்ணி."

மருமகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள். காலி டம்ளரை மேஜைமேல் வைத்தாள். மாமியாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இந்த ஒரு கேள்வியை அன்னிக்கு நான் உன்கிட்ட கேட்டிருந்தா, நீ துடிச்சு விழுந்திருக்கமாட்டே. கேக்காம நானே டாக்டர் ஆயிட்டேன். வயித்துல புள்ளையோட இருக்கறவ போடற மாத்திரையை நிறுத்தறதுக்கும் சரி, புதுசா ஒண்ணைக் கையில குடுக்கறதுக்கும் சரி, டாக்டரைத் தவிர ஒருத்தருக்கும் உரிமை இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கே இல்ல. அப்புறம் மாமியாருக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"